நடையோடு வரும் சொல்

ஊர்வலத்தில் எடுத்த பேட்டியைத் திரையைப் பார்க்காமலே அடையாளம் சொல்லிவிடலாம். பேசுகிறவருக்கு மூச்சு வாங்கும். வாக்கியம் முடியவேண்டிய இடத்தில் முடியாது. பாதை மேடு தட்டும் இடத்தில் நின்று, சமதரை வந்ததும் மறுபடி கிளம்பும். நடுவில் ஒரு லொறி ஹோர்ன் அடிக்கும். பின்வரிசையிலிருந்து யாரோ "ஒதுங்கி நட தம்பி" என்பார். கோஷம் எழுந்தால் பேசுகிறவர் பாதிப் பேச்சை அப்படியே விட்டு, கையை உயர்த்திக் குரல் கொடுத்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்தே திரும்ப எடுப்பார். நாற்காலி போட்டு, விளக்குப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் புத்தக அலுமாரி தெரிய எடுக்கும் பேட்டிக்கு இந்தச் செல்வம் எதுவும் கிட்டாது.

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆவணப்படம் பழகும் மாணவர்கள் எடுத்துவரும் காட்சிகளைப் பார்க்க உட்காரும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்து வருகிறேன். வெட்டி எறிவதற்கென்று அவர்கள் குறித்து வைத்திருக்கும் துண்டுகளில்தான் படம் இருக்கிறது. "இதுல சத்தம் கூடிப்போச்சு சேர்", "இதுல அவங்களுக்கு மூச்சு வாங்குது" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் வேகமாக ஓட்டிக் காட்டுவார்கள். ஓட்டாதே, நிறுத்து என்று சொல்லத் தோன்றும். அந்த மூச்சையும் சத்தத்தையும் கொஞ்சம் ரசித்துப் பார்க்கலாம்.

முதலில், பேட்டி தொடங்குமுன் நடக்கும் ஒரு சிறு சடங்கு. மைக்கின் அளவு சரியா என்று பார்க்க ஒலிப்பதிவாளர்கள் எந்த நாட்டிலும் கேட்கும் கேள்வி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பது. பதிலில் யாருக்கும் அக்கறை இல்லை. அளவுகோல் ஏறி இறங்குகிறதா என்பதே கவனம். இதையே சம்பள உயர்வு கேட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து நடக்கும் ஓர் அம்மாவிடம் கேட்டால் "ரொட்டியும் சம்பலும்" என்பார். கேட்டது மைக்குக்காக. வந்ததோ ஒரு வீட்டின் வரவுசெலவு. ரொட்டி என்றால் கோதுமை மா. 2022 பொருளாதார நெருக்கடியில் அந்த மாவின் விலை ஏறியபோது லயத்துக் காம்பிராக்களில் ரொட்டியின் தடிப்பும் எண்ணிக்கையும் எப்படி மாறின என்பது அடுத்த இரண்டு வசனங்களில் தானாக வந்துவிடும். பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்குப் போகுமுன் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினார், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எதைக் கட்டிக்கொண்டு போனது என்பதும் வரும். அதன்பின் மாணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாளில் எழுதி வைத்த முதல் கேள்வியைக் கேட்கிறார்: "உங்கள் கோரிக்கைகள் என்ன?" அந்த நொடியில் குரல் மாறுகிறது. மேடையில் கேட்ட சொற்கள் வரிசையாக வருகின்றன. எல்லாம் நியாயமான சொற்கள், ஆனால் அவருடைய வாயில் விளைந்தவை அல்ல. ரொட்டியைப் பற்றிப் பேசிய குரலையும் கோரிக்கையைப் பற்றிப் பேசிய குரலையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கிறவருக்கு, கோரிக்கை எதிலிருந்து பிறந்தது என்று வேறு யாரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்து, பேர் சொல்லும் இடம். பட்டணத்துக்காரர் பேரைச் சொல்லி நிறுத்திவிடுவார். தோட்டத்து மனிதர் நிறுத்தமாட்டார். பேர், தோட்டம், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்று ஒரே மூச்சில் சொல்வார். தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டைப் பக்கத்திலிருந்து வரும் எவரிடமும் இதைக் கேட்கலாம். தலைமுறைகளாகக் கடிதம்கூடத் தோட்டத்து ஒப்பீசின் வழியாகவே வந்து சேர்ந்த மக்கள் அவர்கள். அவர்களுடைய பேர் நாள்தோறும் இன்னொருவர் கையால் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் எழுதப்பட்டது. கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்கு. அப்படித் தினமும் வேறொருவர் போட்டுவந்த பேரை, நடுத்தெருவில், தன் வாயால், தனக்குப் பிடித்த அழுத்தத்தோடு கமராவுக்குச் சொல்கிறார். தொகுப்பு மேசையில் இது வெறும் அடையாளக் குறிப்பு. எழுத்தாகக் கீழே போட்டுவிட்டு ஒலியை வெட்டிவிடுவார்கள். கடைசிச் சொல்லில் குரல் சற்று நிமிர்வதைக் கேட்டவர் வெட்டமாட்டார்.

மைக் குத்தும் விதத்திலும் ரசிக்க நிறைய இருக்கிறது. நைலெக்ஸ் சேலை சரசரக்கும். பருத்தி பேசாமல் கிடக்கும். தாலிக்கொடி மைக்கில் உரசினால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கிணுங்கல் விழும். வயரை எந்த மடிப்புக்குள் ஒளிப்பது என்பதைப் பேட்டி கொடுக்கிற அம்மாவே சொல்லிக்கொடுப்பார். இடுப்பில் படங்கு கட்டி, நெற்றியில் கூடைக் கயிறு மாட்டி மலை ஏறிப் பழகியவருக்கு உடம்பில் எதை எங்கே கட்டினால் ஆடாது என்று தெரியும். மைக் குத்திய பிறகு சில அடிகளுக்கு அவருடைய தோள் விறைத்திருக்கும், குரலும் சற்றுச் செயற்கையாக இருக்கும். பிறகு பக்கத்தில் நடப்பவள் ஏதோ சொல்ல, சிரிக்க, மைக் மறந்துபோகும். அந்தக் கணத்தை ஒலித்தடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். தோள் இறங்குவது குரலில் கேட்கிறது. அதற்குப்பின் பதிவாவது அபூர்வமான பேச்சு: செருப்பு கடித்த இடம், கொழும்பில் கடையில் நிற்கும் மகன், நேற்றைய மழை. அபூர்வமானது, ஆகவே ஆபத்தானதும்கூட. மறந்துபோன மைக்கில் விழுந்ததைப் படத்தில் வைக்கலாமா என்று அவரிடமே திரும்பப்போய்க் கேட்கும் மாணவர், பேட்டி எடுக்கும் கலையில் பாதியைக் கற்றுவிட்டார்.

இனி, கமராவைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கிறவர். பேசுபவரின் முகம் வேண்டுமென்றால் அவருக்கு முன்னால், அவரைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடக்கவேண்டும். கண்டியில் இது வித்தை. நகரம் பள்ளத்தில் கிடக்க, வருகிற பாதைகளெல்லாம் வளைந்து இறங்குகின்றன. வளைவுதோறும் வெளிச்சம் மாறுகிறது, ஹந்தானைப் பக்கமிருந்து மழை எப்போது இறங்கும் என்பதற்கும் உறுதியில்லை. அதனால் கமராக்காரருக்குப் பின்னால் ஒரு நண்பர், அவருடைய பெல்ட்டை ஒரு கையால் பிடித்தபடி, "குழி... இடது... படி இருக்கு" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே இழுத்துப்போவார். படத்தின் எந்தச் சட்டகத்திலும் இந்த நண்பர் வரமாட்டார். ஆனால் ஒலியைக் கூட்டிக் கேட்டால், சம்பளத்தைப் பற்றிய கனமான பேச்சின் அடியில் "குழி... இடது" என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் துடைத்தெடுக்க மாணவர்கள் மணிக்கணக்காய் மெனக்கெடுவார்கள். நான் அதை ரசிக்கிறேன். பேசுகிறவரை நம்பி ஒருவர், ஒருவரை நம்பி இன்னொருவர் என்று அந்தப் பதிவும் ஓர் ஊர்வலமாகவே நகர்ந்திருக்கிறது.

கேள்வி கேட்பவர் எங்கே நடக்கவேண்டும்? கமராவை ஒட்டி, பேசுபவருக்கு அரை அடி முன்னால், வாகனம் வரும் பக்கத்தில். வாகனம் வரும் பக்கம் என்பது மரியாதை. அரை அடி முன்னால் என்பது தொழில். அப்போதுதான் பேசுபவரின் பார்வை கமராவுக்குச் சற்று விலகி ஒரு மனித முகத்தில் நிற்கும். அந்த முகம் தலையசைக்கிறதா, வாட்சைப் பார்க்கிறதா என்பதற்கேற்பப் பதில் நீளும் அல்லது சுருங்கும். கேட்பவர் திரையில் வரமாட்டார். ஆனால் அவர் கேட்ட அழகு முழுதும் பேசியவரின் கண்ணில் பதிந்திருக்கும்.

கோஷத்துக்கு வருவோம். ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர் திருப்பிச் சொல்வது எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு வாயாகப் பார்த்தால் ஒன்றல்ல. முன்வரிசை இளைஞன் தொண்டை புடைக்கக் கத்துகிறான். நடுவில் வருகிற பெண் உதட்டை மட்டும் அசைக்கிறாள். ஓரத்தில் நடக்கிற முதியவர் எப்போதும் ஓர் அசை பிந்துகிறார். எல்லாரும் முடித்த பிறகு அவருடைய கடைசி எழுத்து தனியே கேட்கும். மலைப்பக்கம் திரும்பிய ஒலிபெருக்கி அதே கோஷத்தை எதிர்ச்சரிவில் மோதித் திருப்பி அனுப்பும்போது, பிந்தி வந்த அந்த எழுத்தும் எதிரொலியும் ஒன்றாக விழும். திட்டமிட்டு எடுக்க முடியாத அழகு இது. பேட்டி தடைப்பட்டதே என்று கமராவை நிறுத்தியவருக்கு இது கிடைக்காது.

குரலைப் போலவே முகமும் மாறும். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டுக்கென்று தனி இயலே வைத்தார். உள்ளத்தில் உள்ளது உடம்பில் தோன்றுவதை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எதனெதனால் பிறக்கும் என்றும் நந்நான்காகச் சொன்னார். வெகுளி பிறக்கும் நான்கில் ஒன்று, தன் குடியை ஒருவர் கொடுமை செய்வது, இன்னொன்று, அலைத்தல். இளிவரல் பிறக்கும் நான்கில் மூப்பும் பிணியும் வருத்தமும் உண்டு. பெருமிதத்தின் நான்கில் ஒன்று தறுகண், அஞ்சாமை. ஊர்வலத்துக்குப் போகும் மாணவர் பொதுவாக வெகுளியைத் தேடிப் போகிறார். சிவந்த கண்ணும் உயர்ந்த கையும் கிடைத்தால் நாள் நிறைந்தது என்று நினைக்கிறார். முகங்களை நெருங்கிப் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. மூப்பும் வருத்தமும் ஏறிய முகம், இளிவரலுக்கே இலக்கணம் போன்ற முகம், நடக்க நடக்கப் பெருமிதத்துக்கு மாறுகிறது. ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு மெய்ப்பாடு. தொடக்கத்தில் எடுத்த காட்சியையும் மாலையில் எடுத்த காட்சியையும் சேர்த்து வைத்தால் போதும்; இந்த மாற்றத்தைச் சொல்ல ஒரு வசனமும் வேண்டாம்.

இவ்வளவு நுணுகிப் பார்ப்பதற்கு இந்த மண்ணில் ஒரு தனிக் காரணம் உண்டு. 1934 இல் பசில் ரைட் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' உலக ஆவணப்பட வரலாற்றில் பெரிய பெயர். தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். பணம் போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அதன் பின்னணிக் குரல் லயனல் வென்ட்டுடையது. அவர் வாசிப்பது ரொபர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலிருந்து. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 ஆண்டு கைதியாக இருந்து தப்பிப்போன ஆங்கிலேயர் நொக்ஸ். படத்தின் மூன்றாம் பகுதியில் மலைநாட்டுக் காட்சிகளின் மேல் வணிகத்தின் குரல்கள் ஓடுகின்றன: சந்தை விலை, கப்பல், கடிதப் போக்குவரத்து, எல்லாம் ஆங்கிலத்தில். கொழுந்து பறிக்கிறவர்கள் திரையில் வருகிறார்கள். பேசுவதில்லை. ரைட்டின் மேல் முழுப் பழியையும் போடமுடியாது. பாரமான கருவிகளின் காலம் அது, ஒலி முழுதும் பின்னர் லண்டனில் சேர்க்கப்பட்டது. படத்தின் அழகில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தேயிலையின் காசில், தேயிலை மலையில் எடுத்த அந்த அழகிய படத்தில் தொழிலாளியின் தொண்டைக்கு இடமிருக்கவில்லை.

அதற்கு ஆறு ஆண்டின்பின், 1940 ஜனவரி 10 அன்று, ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவரிலிருந்து தன் தியாகிகளை எண்ணத் தொடங்குகிறது. பேர் நிலைத்தது, குரல் நமக்குக் கிடைக்கவில்லை. அதே காலத்தில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரோடு சேர்ந்து உழைத்த மீனாட்சி அம்மாள் தோட்டத்துக் கூட்டங்களில் பாடிப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அவருடைய பாட்டுகள் அச்சில் இருக்கின்றன. எந்த இடத்தில் மூச்சு எடுத்தார், எந்தச் சொல்லில் கூட்டம் கைதட்டியது என்பது அச்சில் இல்லை. இன்று ஒரு மாணவியின் கைப்பையில் கிடக்கும் போன் அதைப் பிடித்து வைத்திருக்கும். மூச்சை வெட்டுகிறவர்களிடம் நான் மல்லுக்கு நிற்பது இதனால்தான்.

குரலும் நடையும் ஒன்றாகப் படமான வரலாற்றுக் கணம் ஒன்றைப் பாரிசில் காணலாம். ஜான் ரூஷும் எட்கார் மொரானும் 1960 கோடையில் எடுத்து 1961 இல் வெளியிட்ட 'ஒரு கோடையின் நாட்குறிப்பு' படத்தில், மார்செலின் லொரிதான் என்ற இளம்பெண் முதலில் மைக்கை எடுத்துக்கொண்டு தெருவில் போவோர் வருவோரிடம் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார். பலர் விலகிப் போகிறார்கள். பின்னர் அவரே பேசவேண்டிய முறை வருகிறது. நாட்சிகளின் வதைமுகாமிலிருந்து மீண்டவர் அவர், தந்தை மீளவில்லை. நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டி, மைக்கைக் குத்திக்கொண்டு, ஆளில்லாத சதுக்கத்திலும் பிறகு சந்தைக் கூரையின் அடியிலும் தனியே நடந்து, தனக்குத்தானே பேசுகிறார். கமரா அவருக்கு முன்னால் ஒரு காரில் இருக்கிறது. கார் விலக விலக உருவம் சிறுத்துக்கொண்டே போகிறது. குரலோ காதருகிலேயே நிற்கிறது. எதிரே கேள்வி கேட்பவர் இல்லை, நடைதான் கேள்வி. உட்கார்ந்திருந்தால் இப்படிப் பேசியிருப்பாரா என்பது ஐயமே. கால் நகர்ந்தால் நினைவும் நகரும் என்பதை நம் ஒப்பாரிப் பெண்களும் நாற்று நடுகிறவர்களும் கருவிகள் வருமுன்பே அறிந்திருந்தார்கள்.

நடையே பேச்சாகிய ஊர்வலம் நமக்கும் ஒன்று வாய்த்தது. 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்த 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம். கம்பளைச் சிங்ஹாப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கிய 1823 ஐ வைத்து, மலையக மக்களின் 200 ஆண்டை நினைவுகூர எடுக்கப்பட்டது. மன்னார், மடு, மதவாச்சி, மிஹிந்தலை, கெக்கிராவ, தம்புள்ளை, நாலந்தா என்று ஏறத்தாழ 250 கிலோமீற்றர். கடல் கடந்து வந்து இறங்கிய முன்னோர் காடு வழியே மலைக்கு நடந்த தடம் இது. வாந்திபேதியாலும் பசியாலும் பாதையோரத்தில் விழுந்தவர்கள் கணக்கில்லாதோர். மாத்தளை, கண்டிச் சீமையின் வடக்கு வாசல். நடைபயணத்தின் பிற்பாதி பெரிதும் கண்டி–யாழ்ப்பாண வீதியாகிய ஏ-9 வழியே வந்தது.

இத்தகைய ஊர்வலத்தில் மிகச் சாதாரணக் கேள்வியும் ஆழம் போகும். "என்ன வயசும்மா?" என்று கேட்டால் எழுபத்தைந்தைத் தாண்டியவர் ஒருவர் எண்ணைச் சொல்லிவிட்டு நடப்பார். அந்த எண்ணைக் கழித்துப் பார்க்கும் மாணவருக்குத்தான் தெரியும், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்துக்கு முன் அவர் பிறந்திருக்கிறார். கைக்குழந்தையாய் இருக்கையிலேயே நாடற்றவராக்கப்பட்டிருக்கிறார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்போது அவருக்குக் கல்யாண வயது. யார் இந்தியாவுக்குப் போவது யார் நிற்பது என்று குடும்பங்கள் பிளந்து, ஒப்பாரிக் கோச்சி என்று மலையகம் பேர்வைத்த ரயிலில் சொந்தபந்தங்கள் ஏறிப் போனதும் இதே தலைமன்னாருக்குத்தான். வந்து இறங்கிய துறையும் அனுப்பிவைத்த துறையும் ஒன்று. அங்கிருந்து மலையை நோக்கித் திரும்ப நடக்கிற ஒரு கிழவரின் காலை மட்டும் எடுத்த காட்சியில் இந்த இரண்டு பயணங்களும் இருக்கின்றன. அவரை நிறுத்தி வரலாறு சொல்லச் சொன்னால் பாடப்புத்தகம் வரும். கூட நடந்தால், பாலத்தருகே ஒரு நினைவு, ஆலமரத்தடியில் ஒரு நினைவு என்று பாதையே எடுத்துக்கொடுக்கும்.

மொழி மாறும் இடத்திலும் நயம் உண்டு. கண்டி மும்மொழி ஊர். சிங்கள மாணவி ஒருத்தி தனக்குத் தெரிந்த கொச்சைத் தமிழில் மெல்லக் கூட்டிக் கேள்வி கேட்பாள். தமிழ் அம்மா அவளுக்கு இரங்கிச் சிங்களத்தில் பதில் சொல்வார். அவள் விடாமல் தமிழிலேயே அடுத்த கேள்வி. இவர் விடாமல் சிங்களத்திலேயே அடுத்த பதில். ஒவ்வொருவரும் மற்றவர் வீட்டு வாசலில் நின்று பேசுகிறார்கள். இதை எப்படித் துணையெழுத்தில் காட்டுவது என்று தொகுப்பாளர் தலையைச் சொறிவார். இரு மொழிக்கும் ஒரே எழுத்து, ஒரே நிறம் போட்டால் அந்த உபசாரம் அழிந்துவிடும். நிறத்தையாவது மாற்றவேண்டும். சமாதானக் கூட்டங்களில் பேசும் நீண்ட உரைகளைவிட இந்த இரண்டு நிமிடம் எனக்குப் பெரிது.

ரசிப்பதோடு அஞ்சவும் வேண்டிய ஒன்று, முகம். 2022 ஏப்ரல் 3 அன்று ஊரடங்குக்குள் வீதியில் இறங்கிய பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள்மேல் கண்ணீர்ப்புகை அடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலைக்குப் பிறகு, போராட்டங்களில் நின்றவர்களின் படங்களை வெளியிட்டு இவர்களைத் தெரியுமா என்று பொதுமக்களிடம் பொலிஸ் கேட்டது. அழகுக்காக எடுத்த நெருக்கக் காட்சி, இன்னொருவர் மேசையில் ஆள் அடையாளம். மறுபுறமும் உண்டு. 1999 ஜூலை 23 அன்று தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணி தாமிரபரணிக் கரையில் அடித்து விரட்டப்பட்டு 17 பேர் இறந்தனர். ஆர். ஆர். சீனிவாசன் அதை ஆவணப்படமாக்கினார். ஆற்றில் என்ன நடந்தது என்பதற்குக் கமராவும் சாட்சி நின்றது. காட்டிக்கொடுப்பதும் காப்பதும் ஒரே கருவி. ஆகவே முகத்தைக் கேட்டு வாங்கவேண்டும், நடக்கும்போது ஒரு தடவை, வீடு போய் ஆறிய பிறகு இன்னொரு தடவை. மறுத்தவருக்காக மாணவர்கள் கண்டுபிடிக்கும் வழிகளில் நல்ல கலை பிறந்திருக்கிறது: பதாகையின் கம்பைப் பிடித்த விரல்கள், கொழுந்துக் கறை ஏறிய நகக்கண், குடையின் கீழ் வாய் மட்டும். முகம் இல்லாததால் குரல் இன்னும் கிட்ட வருகிறது.

கடைசியில் தொகுப்பு மேசை. இங்கே இரண்டு சோதனைகள். முதலாவது, இசை. தோட்டத்துப் பெண் பேசத் தொடங்கினால் அடியில் ஒரு வயலின் அழ ஆரம்பிக்கவேண்டும் என்று எப்படியோ ஒரு விதி ஏற்பட்டுவிட்டது. அவர் சம்பளச் சீட்டின் கழிவுகளை வரிசையாக, மனக்கணக்காக, தவறில்லாமல் ஒப்புவித்துக்கொண்டிருப்பார். அந்தக் கூர்மையை வயலின் பரிதாபமாக மாற்றிவிடும். இரண்டாவது, மௌனம். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் நாலைந்து அடி நடக்கும் நேரம் ஓர் இடைவெளி விழும். செருப்புச் சத்தமும் தூரத்துத் தப்பு மேளமும் மட்டும் கேட்கும். அந்த இடைவெளியில் அவர் பதிலைத் தேடவில்லை. கேட்டவருக்கு இதைச் சொல்லலாமா என்று எடைபோடுகிறார். கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்த்துப் பழகிய கண், கேள்வி கேட்டவர் முகத்தை ஒருமுறை பார்க்கும். பிறகே பேச்சு. இடைவெளியை வெட்டினால், எடைபோட்டுச் சொன்ன சொல் வாயில் வந்ததைச் சொன்னதுபோல் ஆகிவிடும். பேசியவரின் அறிவையே வெட்டியதாகும்.

மாணவர் படங்களுக்குப் புள்ளி போடுகிற ஆசிரியர்களுக்கும் விழா நடுவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். காட்சி ஆடாமல் இருக்கிறதா, ஒலி சுத்தமா, வெளிச்சம் சமமா என்று பார்ப்பதோடு, படத்தில் வரும் மனிதருக்கு எங்காவது மூச்சு வாங்குகிறதா என்றும் பாருங்கள். வாங்கினால், எடுத்த பிள்ளையும் அந்த மேட்டில் கூட ஏறியிருக்கிறது என்று பொருள். அதற்கு ஒரு புள்ளி கூட்டிப் போடலாம். படத்தைத் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் போட்டுக்காட்டி, "என்னோட டிவிஷன் பேரைத் தப்பா எழுதியிருக்கீங்க மகள்" என்று நடந்தவர் ஒருவர் எழுந்து திருத்தியிருந்தால், இன்னொரு புள்ளி.